தோற்கிற அணியின் பக்கத்தில்

(2025 ஆகஸ்ட் மாதம் அனகாபுத்தூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் நம் மாநில அணி பன்னிரண்டு முறை ஆடியிருக்கிறது. இரண்டு முறை வென்றது, பத்து முறை தோற்றது. வென்ற ஆண்டுகள் 1955, 1988. முதல் கோப்பைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் 33 ஆண்டுகள். இரண்டாவது வந்து இப்போது 37 ஆண்டுகள் ஆகின்றன. பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளில் ஒருவர்கூட அன்றைக்குப் பிறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த அணியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து முறை ஐபிஎல் வென்றிருக்கிறது. அதைப் பேச ஆட்கள் நிறைய உண்டு, அந்த வெற்றிகளில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் என் மனசு முழுக்கப் போனது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலியான கேலரிகளுக்கு முன்னால் நான்கு நாள், ஐந்து நாள் ஆடுகிற தமிழ்நாடு அணியின் பக்கம்.

கோப்பையே வராத ஓர் அணியை ஆயுள் முழுக்க எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று என் வீட்டில் மூத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், இளையவர்களும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். மைதானத்தில் நிற்கிற பதினோரு பேர் பத்துப் பதினைந்து ஆண்டில் போய்விடுவார்கள். பயிற்சியாளர் அதற்கும் முன்னால் போய்விடுவார். பெயர்கூட நிலைக்கவில்லை, மெட்ராஸ் என்று தொடங்கிய அணி, மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு தமிழ்நாடு ஆனது. இவ்வளவும் மாறியும் அது அதே அணிதான் என்று சொல்ல யாராவது இருக்க வேண்டாமா? ஆடுகிறவருக்குத் தன் காலம் மட்டும்தான் தெரியும். அவருக்கு முன்னால் ஆடியவரையும் பின்னால் வந்தவரையும் சேர்த்துப் பார்த்தவர் கேலரியில் உட்கார்ந்திருக்கிறவர்தான்.

நெசவாளர் ஊரில் இதை விளக்குவது சுலபம். தறியில் ஒரு பாவு முடியப்போகும்போது என்ன செய்கிறோம்? பழைய பாவின் நுனி இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை எடுத்துப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழை, கண் வலிக்கும், விரல் தேயும். நெய்த துணியை விற்கும்போது அந்தப் பிணைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த வேலை இல்லாமல் தறி ஓடாது. ஓர் அணியை விடாமல் பார்க்கிறவர் செய்வதும் இந்த வேலைதான்.

எந்த இழையிலிருந்து தொடங்குவது? ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் மோதின. அந்தப் போட்டித் தொடரின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன், மெட்ராஸ் 130 ரன், மறுபடி மைசூர் 59 ரன். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஓர் இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங் என்ற சீக்கியர், சென்னையையே ஊராக்கிக்கொண்டவர். இருபது ஆண்டு கழித்து இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வென்று, பாலு அழகண்ணன் தலைமையில் மெட்ராஸ் முதல் கோப்பையை எடுத்தது. அந்த வெற்றியின் தூண் ராம் சிங்கின் மகன் கிருபால் சிங். அதற்கும் முப்பத்து சொச்சம் ஆண்டு கழித்து, 1988–89 பருவத்தில், கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 ரன் குவித்தது. டபிள்யூ.வி. ராமன் 313. இன்னொருவர் ஆட்டமிழக்காமல் 302. அவர் கிருபால் சிங்கின் மகன் அர்ஜன் கிருபால் சிங். தாத்தா, மகன், பேரன். இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்த கண்கள் சேப்பாக்கத்தில் சில இருந்தன. அவற்றை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

வெற்றிகளை இவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன். அவை கொஞ்சம்தான்.

நம் அணியின் மிகப் பெரிய ஆட்கள் பலருக்கு இந்தக் கோப்பை கையில் கிடைக்கவே இல்லை. வி.வி. குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். லெக் ஸ்பின்னர். இந்தியாவுக்கு இரண்டே டெஸ்டில் ஆடினார். முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 599 விக்கெட். அவர் மெட்ராஸுக்கு ஆட வந்தது 1955–56 பருவத்தில், அதாவது முதல் கோப்பை வந்த மறு பருவம். ஓய்வு பெற்றது 1970களில். இரண்டாவது கோப்பைக்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. எஸ். வெங்கட்ராகவன் 1963 முதல் 1985 வரை ஆடினார், ரஞ்சியில் மட்டும் 530 விக்கெட். அவர் போன மூன்றாவது ஆண்டு கோப்பை வந்தது. பின்னால் வந்த எஸ். சரத் 27 சதம் அடித்தார், இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை, ரஞ்சிக் கோப்பையும் கிடைக்கவில்லை. பத்ரிநாத் முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன் கடந்தவர். அவருக்கும் தமிழ்நாட்டுச் சட்டையில் அந்த நாள் வரவில்லை.

இவர்களை நான் குறைந்தவர்களாக நினைக்க முடியுமா? வெங்கட்ராகவன் வீசிய ஒவ்வொரு ஓவரும் முழுமையானது. ஒரு ஓவரைப் பார்க்கிற சந்தோஷத்துக்குக் கோப்பையின் ஒப்புதல் தேவையில்லை.

இப்போது தோல்விகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை, எல்லாம் சொல்லத் தேவையும் இல்லை. இரண்டை மட்டும் நின்று பார்ப்போம்.

1973 இறுதி ஆட்டம், சேப்பாக்கம். எதிரில் வடேகர் தலைமையில் பம்பாய். நம்மிடம் குமாரும் வெங்கட்ராகவனும். பந்து சுழலும் ஆடுகளம், நமக்குச் சாதகம் என்று ஊரே நம்பியது. பம்பாயை 151 ரன்னில் மடக்கினோம். அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் பம்பாயில் பத்மாகர் சிவல்கர் என்று ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். 16 ரன் கொடுத்து எட்டு விக்கெட் எடுத்தார். நாம் 80. மறுபடி பம்பாயை 113 ரன்னில் சுருட்டினோம். சிவல்கர் இந்த முறை 18 ரன்னுக்கு ஐந்து விக்கெட். நாம் 61. ஐந்து நாள் ஆட்டம், மூன்றாம் நாள் முதல் பந்திலேயே முடிந்துபோனது. அந்தச் சிவல்கர் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடவில்லை. அன்றைக்குப் பார்த்தவர்கள் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. அவர் பந்தைக் காற்றில் நிறுத்தி வைத்ததை இன்றும் கையை வளைத்துக் காட்டுகிறார்கள். தோற்ற ஊரின் ஜனங்கள் வென்றவனின் கலையை ஐம்பது ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அது சேப்பாக்கத்தின் பெருமை. கோப்பைகளின் பட்டியலில் அது ஏறாது.

இன்னொன்று 2012 ஜனவரி. அதே சேப்பாக்கம். எதிரில் ராஜஸ்தான். அதற்கு முந்தைய பருவம் கீழ்ப்பிரிவான பிளேட் பிரிவிலிருந்து ஏறி வந்து முதல்முறை கோப்பையை எடுத்திருந்தார்கள். ரஞ்சி நாக் அவுட்டில் ஒரு விதி உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து நாளில் ஆட்டம் முடியாவிட்டால், முதல் இன்னிங்ஸில் யார் அதிக ரன் எடுத்தார்களோ அவர்கள் வென்றதாகக் கணக்கு. அதனால் முதலில் ஆடுகிற அணி அவசரப்படாமல் நாள்கணக்கில் நின்றுவிட்டால் போதும். ராஜஸ்தான் அதைத்தான் செய்தது. வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் அறுநூறுக்கும் மேற்பட்ட பந்துகளைச் சந்தித்து 257 ரன் எடுத்தார். அணி 621. நாம் 295.

அந்த ஆட்டத்தின் கடைசி நாட்களில் நான் கேலரியில் இருந்தேன். முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோப்பை ராஜஸ்தானுக்குத்தான், வானம் இடிந்து விழுந்தால்கூட அது மாறாது. ஆனாலும் முதல் நாள் வந்த பெரியவர்கள் கடைசி நாளும் வந்தார்கள். நீள நோட்டில் பந்து பந்தாகக் கணக்கு எழுதுகிற ஒருவர் இருந்தார். அவர் ஒரு பந்தையும் விடவில்லை. எலுமிச்சைச் சோறு கொண்டுவந்த அம்மா ஒருவர் பக்கத்து வரிசைக்கும் சேர்த்துப் பங்கு வைத்தார். நம் ஆள் ஒருவர் எல்லைக்கோட்டருகே பாய்ந்து ஒரு பவுண்டரியைத் தடுத்தார். அந்த நான்கு ரன்னால் எதுவும் ஆகப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கைதட்டல் எழுந்தது. அணியிடம் அன்பு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தக் கைதட்டலைத்தான் சொல்வேன். வெற்றிக்குக் கைதட்டுவது எல்லோருக்கும் வரும்.

மூன்றாவது ஒன்றைத் தொட்டுவிட்டு மட்டும் போகிறேன். 2015 மார்ச் இறுதி ஆட்டம், மும்பை வான்கடே. கர்நாடகத்திடம் முதல் நாளே 134 ரன்னில் சுருண்டோம். அவர்கள் 762. கருண் நாயர் 328, ராகுல் 188. அதைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு மனமில்லை. இன்னிங்ஸும் 217 ரன்னும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிலையிலும் இரண்டாம் இன்னிங்ஸில் நம்மவர்கள் 411 ரன் எடுத்தார்கள், தினேஷ் கார்த்திக்கும் விஜய் சங்கரும் சதம் அடித்தார்கள்.

இதெல்லாம் நமக்கு மட்டும் நடக்கிற கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தின் மேற்கே ஃபுட்ஸ்கிரே என்றொரு புறநகர் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம். தொழிற்சாலைகள், ரயில்வே பட்டறைகள், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள். அடையாற்றின் கரையில், விமான நிலையத்தின் பின்பக்கம் இருக்கிற நமக்கு அந்த ஊரைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அங்கே கிரிக்கெட் மைதானத்திலேயே குளிர்காலத்தில் ஒரு கால்பந்து ஆடுகிறார்கள், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குளிர்காலத்தில் உடம்பு தளராமல் இருக்கவேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் 1858இல் எழுதிய கடிதத்திலிருந்து வளர்ந்த ஆட்டம் அது.

ஃபுட்ஸ்கிரே கிளப் 1954இல் ஒரு பட்டம் வென்றது. நம் முதல் கோப்பைக்குச் சில மாதம் முன்னால். அதன் பிறகு ஒன்றுமில்லை. 1989இல் கிளப்பிடம் பணமில்லை. ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு கிளப்போடு இணைத்துவிடப்போவதாக மேலிடம் அறிவித்தது. அந்த ஊர் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் உண்டியல் குலுக்கினார்கள், வீடுவீடாகப் போனார்கள், ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை நீதிமன்றத்துக்கே போனார். சில வாரங்களில் பணம் சேர்ந்தது, கிளப் பிழைத்தது. அப்படிக் காப்பாற்றிய கிளப் அவர்களுக்கு உடனே பட்டம் வாங்கிக் கொடுத்ததா? இல்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம் வரை வந்து வந்து தோற்றது. 1989க்குப் பிறகு 2010 வரை அப்படி ஆறு முறை. 1997இல் இரண்டே புள்ளியில். கிளப்பின் பெயரும் நடுவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாறியது. 2016இல், பட்டியலில் ஏழாவதாக முடித்த அணி, நான்கு நாக் அவுட் ஆட்டங்களையும் வென்று பட்டம் எடுத்தது. 62 ஆண்டு. அந்த அணியின் தலைவர் பாப் மர்ஃபி காயத்தால் அன்று ஆட முடியாமல் ஓரத்தில் நின்றிருந்தார். பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி, மேடைக்கு அவரைக் கூப்பிட்டுக் கழுத்தில் போட்டார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது 1989தான், 2016 இல்லை. பட்டம் கிடைக்கும் என்ற எந்த உறுதியும் இல்லாமல் உண்டியல் குலுக்கியவர்களில் எத்தனையோ பேர் 2016க்குள் இறந்துபோயிருப்பார்கள். அவர்கள் செய்தது வீண் இல்லை. சனிக்கிழமை தங்கள் ஊர் அணி தங்கள் ஊரில் ஆடவேண்டும் என்று விரும்பினார்கள். அது நடந்தது.

1988 மார்ச்சில் நம் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தத்துக்கு நடுவில் ரேடியோ கேட்கும். நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணியின் நல்ல காலம் போய், லுங்கியும் சேலையும் நெய்துகொண்டிருந்த நாட்கள். கிரிக்கெட் நாளென்றால் தறி மேல் ஒரு ரேடியோ இருக்கும். தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரல்களைக் கேட்டால் மைதானம் கண்முன் வந்துவிடும். எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் வென்றபோது என் அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து தெருவுக்கு வந்தார். 1955இல் இளைஞனாக அந்தச் செய்தியைக் கேட்டவர் அவர். இரண்டையும் கண்டவர். அடுத்த பருவம் இரானிக் கோப்பையும் வந்தது, அதில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதம் அடித்தார். இனி வருஷா வருஷம் வரும் என்று நினைத்தோம்.

ஏன் வரவில்லை? திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐம்பது ஓவர் விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை எடுத்திருக்கிறோம். இருபது ஓவர் முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறை. 2021 இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும், ஷாருக் கான் சிக்ஸர் அடித்துக் கர்நாடகத்தை வென்றார். நாள்கணக்கில் ஆடுகிற சிவப்புப் பந்து ஆட்டத்தில்தான் இடிக்கிறது. என் கணிப்பு இது: நாம் சுழற்பந்தை வளர்த்த அளவுக்கு வேகப்பந்தை வளர்க்கவில்லை, அதை எதிர்த்து ஆடவும் பழகவில்லை. 2015இல் முதல் நாள் காலை கர்நாடக வேகப்பந்து வீச்சாளர் வினய் குமாரிடம் விழுந்தோம். 2024 மார்ச்சில், ஏழு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த அரையிறுதியில், மும்பையில் முதல் நாளே 146 ரன்னில் விழுந்தோம். அதன் பிறகு மும்பையை 106 ரன்னுக்கு ஏழு விக்கெட் என்று தள்ளினோம். ஷர்துல் தாக்கூர் வந்து 109 அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு, டாஸ் வென்று முதலில் ஆட முடிவெடுத்தது தவறு என்று பயிற்சியாளர் வெளிப்படையாகக் கேப்டன் மேல் குறை சொன்னார். எனக்கு அது வலித்தது. கேப்டன் சாய் கிஷோர் அந்த ஆட்டத்தில் ஆறு விக்கெட் எடுத்தவர். அந்தப் பருவத்தில் 53 விக்கெட்டோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர். அணியை அரையிறுதிக்குத் தூக்கி வந்த பிள்ளையின் தலையில் தோல்வியைக் கட்டுவது வீட்டு மனிதர் செய்கிற காரியமா? இந்த ஆண்டு பிப்ரவரியில் கால் இறுதியில் நாகபுரியில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றோம். விதர்பாவைப் பாருங்கள்: நீண்ட காலம் யாரும் கண்டுகொள்ளாத அணி, 2018இல் முதல் கோப்பை, அதன் பிறகு மேலும் மேலும். மத்தியப் பிரதேசம் 2022இல் முதல்முறை வென்றது. பெங்களூரில் 1999 இறுதி ஆட்டத்தில் அந்த அணியின் கேப்டனாகத் தோற்ற சந்திரகாந்த் பண்டிட், அதே மைதானத்தில் 23 ஆண்டு கழித்துப் பயிற்சியாளராக அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

பின்வரிசைத் தம்பி ஒருவர் கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார்: "ஐயா, உங்க காலத்துல மறுபடி வரலைன்னா?" வராமல் போகலாம், தம்பி. வி.வி. குமாருக்கு வரவில்லை. ஆனால் அவர் வீசிய நாட்களில் யாராவது கேலரியில் இருந்தார்கள். சாய் கிஷோர் வீசுகிற நாட்களில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

அதனால் கிரிக்கெட் சங்கத்திடம் சில கோரிக்கைகள் வைக்கிறேன். சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே கேலரிகள் சட்டச் சிக்கலில் பல ஆண்டு பூட்டிக் கிடந்த பிறகுதான் திறந்தன. ரஞ்சி நாட்களில் நிழல் விழுகிற கேலரியைத் திறந்து விடுங்கள். எந்த வாசல் திறந்திருக்கும் என்பதைத் தமிழ் நாளிதழில் முந்தின நாளே அறிவியுங்கள். உள்ளே குடிதண்ணீர் வையுங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டி வாருங்கள்; ஒரு லெக் ஸ்பின்னர் ஒரு ஓவரை எப்படிக் கட்டுகிறார் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். ஆடுகளத்தில் கொஞ்சம் புல்லையும் விடுங்கள், நம் பிள்ளைகள் வேகத்துக்குப் பழகட்டும். வானொலியில் ரஞ்சிக்கு மறுபடி தமிழ் வர்ணனை வேண்டும்.

அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்குகிறது. சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் காலை ஒன்பதரைக்கு முதல் பந்து. பல்லாவரத்தில் ரயில் ஏறி பூங்காவில் இறங்குங்கள், சாலையைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம் இரண்டாவது நிலையம். தொப்பியும் சோறும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அங்கேதான் இருப்பேன். யார் எந்த ஆண்டு எப்படி ஆடினார் என்று கேட்டால் சொல்கிறேன்.